குரக்களி அடிக்கடி பிடிக்கிறதா? நேரத்தைக் கவனியுங்கள்

குரக்களி, அதாவது தசைப்பிடிப்பு வந்து கை, கால் சதை இழுத்துப் பிடித்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குவது பலருக்கும் வழக்கம். பெரும்பாலும் அது தேவைப்படாது. எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பின், எந்த இடத்தில் குரக்களி பிடிக்கிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

வியர்வையில் போகும் உப்பு

பங்குனி, சித்திரை வெயிலில், தெற்குக் கேரளத்தின் காஞ்சிரங்குளத்தில் தென்னை ஏறுகிறவருக்கும், பாறசாலையில் கான்கிரீட் சட்டி சுமக்கிறவருக்கும், பூவார் கரையில் கரைமடி இழுக்கிறவருக்கும் சாயங்காலம் கெண்டைக்காலோடு கைவிரலும் வயிற்றுச் சதையும்கூட இழுக்கலாம். வியர்வையில் தண்ணீரும் சோடியமும் சேர்ந்தே போகின்றன. திரும்ப உள்ளே போவதோ வெறும் தண்ணீர். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1920-களிலேயே இதைக் கண்டார்கள். குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்ததும் அவர்களுக்கு இழுப்பு குறைந்தது.

உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் இதற்கு நல்ல மருந்து. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம். 1 லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் 6 தேக்கரண்டி சர்க்கரையும் கலந்தும் குடிக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. அந்த ஓய்வைக் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வில்லாத சதை

பாலராமபுரம் குழித்தறியில் இருக்கும் நெசவாளரின் கால்கள் பகல் முழுக்கக் குழிக்குள் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருக்கும். களைத்த சதை ராத்திரி படுத்த பிறகு சுருட்டிப் பிடிக்கிறது. படுக்கப் போகும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டிவிடுங்கள். 55 வயது தாண்டிய 80 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், 6 வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு இரவுக் குரக்களி குறைந்தது.

நடந்தால் பிடித்து, நின்றால் விடுகிறதா?

இதை அசட்டை செய்யாதீர்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிட்டால், காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்தால் நரம்பும் கெட்டிருக்கக் கூடும்.

விரல்கள் கூம்பினால்

கைவிரல்கள் தானாக ஒன்றுசேர்ந்து கூம்புவதும், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருப்பதும் கால்சியம் குறைந்ததன் அடையாளமாகலாம். தைராய்டு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவற்றாலும் குரக்களி வரும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இது சகஜம். வயதானவர்களின் குரக்களிக்கு மெக்னீசியம் மாத்திரை பெரிதாக உதவுவதில்லை என்று 2020-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

பிடித்த நேரத்தில்

முட்டியை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். இறுக்கம் விட்டதும் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையோ பாறசாலை தாலுகா மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.