வடகோடிக் கழகமொன்றின் வெற்றிப் பட்டியல்

கிளிநொச்சியில் நோர்வே என்னும் நாட்டின் பெயரை அறியாதார் அரியர். 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், அந்நாட்டு அனுசரணையாளர் அந்நகருக்குப் பன்முறை வந்து போயினர். அதற்கும் முன்னரே, 1980களில், ஈழத்துத் தமிழர் பலர் நோர்வேயின் வடகோடியிலுள்ள மீன் பதனிடும் ஆலைகளில் தொழில் தேடிக் குடியேறியிருந்தனர். எனவே வன்னியில் உள்ள பல குடும்பங்களுக்கு அது உறவினர் வாழும் நாடுமாகும். அவ்வடபுலத்து மக்கள் பெருமையோடு பேசும் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுண்டு. போடோ கிளிம்ட் என்பது அதன் பெயர். ‘கிளிம்ட்’ என்னும் நோர்வேச் சொல் கணப்பொழுதில் தோன்றி மறையும் ஒளியைக் குறிக்கும்.

நோர்வேயில் மிகுதியான வெற்றிகளை உடைய கழகம் இதுவன்று. அப்பெருமை துரொண்யெம் நகரின் ரோசன்போர்க் கழகத்துக்கு உரியது. அக்கழகம் லீக் சம்பியன் பட்டத்தை 26 முறை வென்றுள்ளது. அவற்றுள் 13 பட்டங்கள் 1992 முதல் 2004 வரை இடையறாது தொடர்ந்து பெற்றவை. அதனோடு ஒப்பிட்டால் போடோ கிளிம்டின் பட்டியல் மிகச் சிறிது. தேசியக் கிண்ணம் 1975, 1993 ஆகிய ஆண்டுகளில். லீக் பட்டம் 2020, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில். 2024 வரையிலான பெருவெற்றிகள் இந்த ஆறுமே. ஆயினும் பட்டியலொன்றை எவ்வாறு படிக்கவேண்டும் என்பதை அறிய விரும்புவோர்க்கு ரோசன்போர்க்கின் நீண்ட பட்டியலைக் காட்டிலும் இச்சிறு பட்டியலே பயன்படும்.

கழகம் தோன்றியது 1916இல். முதற் கிண்ணம் கிடைத்தது 1975இல். இடையே 59 ஆண்டுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. இதைக் காண்பவர், ‘அக்காலத்தில் இவர்கள் ஆடத் தெரியாதவர்களாய் இருந்தனர் போலும்’ என்று எண்ணிவிடக்கூடும். உண்மை அதுவன்று. நோர்வேத் தேசியக் கிண்ணப் போட்டி 1902இல் தொடங்கியது. ஆனால் வடநோர்வேக் கழகங்கள் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டது 1963இலேதான். நாட்டின் முதற்பிரிவு லீக்கின் கதவு அவற்றுக்குத் திறந்தது 1972இல். அதுவரை வடபுலத்தார் தமக்கெனத் தனியாக நடைபெற்ற போட்டியிலேயே தம்முள் மோதிக்கொண்டனர். அதில் கிளிம்ட் பலமுறை வென்றதுண்டு. அவ்வெற்றிகளைத் தெற்கிலுள்ளோர் பொருட்படுத்தவில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் தூரம், பயணச் செலவு, கடுங்குளிர், வடக்கின் ஆட்டத்தரம் குறைவு என்பன. தூரம் பொய்யன்று. போடோ நகர் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே உள்ளது. தலைநகர் ஒஸ்லோவிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். இலங்கையின் முழு நீளமும் 435 கிலோமீற்றர் அளவினதே என்பதை நினைத்துப் பார்த்தால் அது விளங்கும். இருப்புப்பாதை போடோவை எட்டியதே 1962இல்தான். ஆட்டத்தரம் குறைவு என்ற காரணமோ வேறு வகையினது. வலியாரோடு ஆட விடாமல் வைத்துவிட்டு, வலிமை போதாது என்று சொல்வது எந்த நாட்டிலும் எளிது.

1972க்குப் பின்னும் கதவு முழுமையாய்த் திறக்கவில்லை. தெற்கிலிருந்த இரண்டாம் பிரிவுக் குழுக்களின் முதல்வர்கள் நேரே மேற்பிரிவுக்கு ஏறினர். வடக்குக் குழுவின் முதல்வரோ தெற்கில் இரண்டாமிடம் பெற்றவர்களோடு மேலும் ஆடி வென்றாலன்றி ஏற இயலாது. இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. 1975இல் கிளிம்ட் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே தேசியக் கிண்ணத்தை வென்றது. வடக்கே சென்ற முதற் கிண்ணம் அது. நாட்டின் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த அக்கழகம் மறு ஆண்டும் இரண்டாம் பிரிவிலேயே ஆடியது! 1977இல் முதற்பிரிவில் கால்வைத்தபோது, அவ்வாண்டே லீக்கில் இரண்டாமிடம் பெற்றது. கிண்ணப் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றது. இரண்டிலும் லில்லஸ்ட்ரோம் கழகமே வென்றது.

வெற்றிடத்துக்கு இன்னுமொரு காரணம் உண்டு. 1940ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஜேர்மன் விமானங்கள் போடோ மீது குண்டுமழை பொழிந்தன. சில மணி நேரத்தில் நகரின் கட்டடங்களுள் பாதிக்கு மேற்பட்டவை அழிந்தன. ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த ஊரில் 3,500 பேர் வீடிழந்தனர். பின்னர் வந்த ஆக்கிரமிப்புக் காலத்தில், நாசிகளின் பிடிக்குள் விளையாட மறுத்து நோர்வே விளையாட்டு வீரர் போட்டிகளைப் புறக்கணித்தனர். 1941 முதல் 1944 வரை தேசியக் கிண்ணம் நடைபெறவில்லை. நோர்வேயின் பதிவேடுகள் அவ்வாண்டுகளை விட்டுவிடவில்லை. ஆண்டைக் குறித்து, அதனெதிரே ‘போட்டி நடைபெறவில்லை’ என்று எழுதி வைத்திருக்கின்றன.

வன்னியில் வாழ்பவர்க்கு இச்சிறு குறிப்பின் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1996இல் கிளிநொச்சி நகர் வெறிச்சோடியது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் முல்லைத்தீவின் கரையோரம் வரை மக்கள் திரண்டு ஓடி, பின்னர் வவுனியாவின் முகாம்களை அடைந்தனர். பிள்ளைகளையும் முதியோரையும் சுமந்து சென்றவர்கள் வெற்றிக் கிண்ணங்களையும் கூட்டறிக்கைப் புத்தகங்களையும் சுமந்திருக்க இயலுமா? மீண்டும் வந்து கழகத்தை எழுப்பிப் பெயர்ப்பலகையில் வெற்றி ஆண்டுகளை எழுதும்போது, இடையிலுள்ள ஆண்டுகள் எழுதப்படாமற் போகின்றன. எழுதப்படாத ஆண்டும் தோற்ற ஆண்டும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதியவர்களின் நினைவு உள்ளபோதே ‘இடப்பெயர்வு, ஆட்டமில்லை’ என்று அவ்வாண்டுகளுக்கு எதிரே குறித்துவிட ஒரு தூரிகையும் சிறிது மையும் போதும்.

கிளிம்டின் பிற்காலக் கதை ஏற்றமும் இறக்கமும் நிறைந்தது. 1980களில் அது மூன்றாம் பிரிவு வரை சரிந்தது. 1993இல் மீண்டும் கிண்ணம் வென்றது. 2016இல் மறுபடியும் முதற்பிரிவிலிருந்து இறங்கியது; ஓராண்டில் ஏறிவந்தது. 2018இல் கெத்தில் குனுட்சன் தலைமைப் பயிற்றுநரானார். முன்னாள் போர்விமானி ஒருவர் வீரரின் மனத்திடத்துக்குத் துணை நின்றார். முடிவைப் பற்றிக் கவலுறாது, அடுத்த ஆட்டத்தை எவ்வாறு ஆடுவது என்பதையே எண்ணப் பழக்கினராம். 2020இல் விளைவு தெரிந்தது. 30 ஆட்டங்களில் 26 வெற்றி, 3 சமநிலை, ஒரேயொரு தோல்வி, 103 கோல்கள், 81 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற மோல்ட கழகத்துக்கு 62 புள்ளிகளே. வடநோர்வேக் கழகமொன்று லீக் பட்டம் பெற்றது வரலாற்றில் அதுவே முதன்முறை.

2021 ஒக்டோபர் 21ஆம் நாள், உரோமாபுரியின் ரோமா கழகம் போடோவுக்கு வந்து 6–1 எனத் தோற்றுத் திரும்பியது. ஆடுகளமோ எண்ணாயிரம் பேர் அளவில் அமரக்கூடிய சிறிய அரங்கம். பனியின் காரணமாகச் செயற்கைப் புற்றரை விரிக்கப்பட்டது. அங்கு வரும் விருந்தணியின் ஆதரவாளர்க்குப் பெரியதொரு மஞ்சள் நிறப் பற்தூரிகையைப் பரிசளிப்பது உள்ளூர் வழக்கம்.

2025இல் லாசியோவைத் தண்ட உதைகளில் வென்று, ஐரோப்பிய லீக்கின் அரையிறுதியை எட்டிய முதல் நோர்வேக் கழகமாயிற்று. அங்கு லண்டனின் டொட்டன்ஹாம் அணியிடம் இரு ஆட்டங்களிலுமாக 5–1 எனத் தோற்றது. அவ்வாண்டே ஐரோப்பியச் சம்பியன் லீக்கின் பிரதான சுற்றுக்கும் முதன்முறையாக நுழைந்தது. உள்நாட்டு லீக்கிலோ ஒரேயொரு புள்ளி குறைவினால் பட்டத்தை வைக்கிங் கழகத்திடம் இழந்தது. கிண்ணம் ஏதும் கைக்கு வராமையால், கழகம் ஐரோப்பாவில் மிக உயர்ந்து நின்ற 2025ஆம் ஆண்டு அதன் லீக் பட்டங்களின் வரிசையில் இல்லை.