வேர்க்கலத்தின் வாயில்கள்: நெற்பயிர் உவரைத் தடுக்கும் முறை

கடனீரேரியை அடுத்த வயல்களில் ஒரே நாளில் நட்ட இரு நெல்லினங்களுள் ஒன்றின் இலைநுனி வெளிறிச் சுருண்டு காய, மற்றையது பசுமை குன்றாது நிற்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். மண்ணும் ஒன்று, நீரும் ஒன்று. வேறுபாடு பெரும்பாலும் வேரினுள்ளேயே இருக்கின்றது.

பயிரின் உடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏழெட்டுக் கூறளவே. கொழுப்புப் பொருளாலான இச்சவ்வினூடு, நீரிற் கரைந்து மின்னேற்றம் பெற்ற உப்புக்கள் தாமாகப் புகமாட்டா. பொற்றாசியமும், யூரியா மாறியுண்டாகும் அமோனியமும், பொசுபேற்றும் சவ்விற் பதிந்துள்ள புரதங்களின் வழியாகவே உட்செல்லும். இவற்றுட் சில, மதகு போன்று திறந்து மூடுவன. சில, பொருளைப் பற்றித் தம் வடிவத்தை மாற்றி மறுபுறம் விடுவன. நீருக்குங்கூடத் தனி வாயில் உண்டு. அதனை 1992 ஆம் ஆண்டில் மனிதக் குருதிக் கலங்களிற் கண்டறிந்த பீற்றர் ஏகர், 2003 இல் நோபல் பரிசு பெற்றார். பயிர்களின் வேர்களிலும் அவ்வாயில்கள் உள.

வேறொரு வகைப் புரதம் பம்பியாகத் தொழிற்படும். வேர் சுவாசித்துப் பெறும் சத்தியைச் செலவிட்டு, ஐதரசன் அயன்களை அது வெளியே தள்ளும். அதனாற் கலத்தின் உட்புறம் எதிர்மின்னேற்றம் அடையவே, நேர்மின்னேற்றமுள்ள பொற்றாசியமும் அமோனியமும் உள்ளே ஈர்க்கப்படும். பொசுபேற்றும் நைத்திரேற்றும், திரும்பிவரும் ஐதரசன் அயன்களுடன் சேர்ந்து நுழையும். மிளகாய்ப் பாத்தியில் நீர் தேங்கினால், ஒட்சிசன் இன்றி வேர் சுவாசம் குன்றும், பம்பியும் தளரும். பசளை மண்ணில் இருந்தும் பயிர் பட்டினி கிடப்பது இதனாலேயே. நெல்லோ இலைவழி பெற்ற காற்றைத் தண்டினூடு வேருக்கு இறக்குவதால் நீரில் நின்றும் பிழைக்கின்றது.

உவர்நிலத்தில் தொல்லை தருவது சோடியம். அது பொற்றாசியத்தை ஒத்ததாதலின் சில வாயில்களை ஏமாற்றி உட்புகும். பின்னர்க் காழினூடு ஏறி இலையை அடைந்து அதனைக் கருக்கும். எனினும் வேரிற் காழைச் சூழ்ந்த கலங்களில், மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீள இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. நோனா பொக்ரா என்னும் உவர்தாங்கும் இந்திய நெல்லில் அது செவ்வையாகத் தொழிற்படுவதைச் சீன ஆராய்ச்சியாளர் 2005 இல் வெளியிட்டனர். கேரளக் கரையின் பொக்காளி நெல்லும் உவர் தாங்குவதிற் பெயர்பெற்றது. அதன் வழிவந்ததே நம் நாட்டின் ஏ.ரீ. 354.

இக்காவலுக்கும் எல்லை உண்டு. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 தெசிசீமனைக் கடந்தால் சாதாரண நெல்லின் விளைவு குறையத் தொடங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மிக மென்மையானவை. ஆகவே காலபோகத்தின் முதன்மழை நீரை வயலிற் கட்டி, உழுது கலக்கி, வடித்துவிட்டபின் நடுதல் நன்று. இளநாற்றைவிடச் சற்று முதிர்ந்த நாற்றே தாங்கும். பொற்றாசியம் குறைந்தால் சோடியத்தின் கேடு மிகுமாதலால், விதந்துரைத்த பொற்றாசியப் பசளையை விட்டுவிடலாகாது. நுனி வெளிறியதைக் கண்டு யூரியாவை அள்ளி வீசுவது வீண்செலவு. அவ்வேளை வேண்டுவது நன்னீரும் வடிகாலுமே.