பொலநறுவையில் ஒரு விடுமுறை நாள்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் நம் நாட்டின் பெருவீதிகளில் சுற்றுலாப் பேருந்துகள் நிறைந்துவிடுகின்றன. மாணவரும் பெற்றோரும் ஊர்ச் சங்கத்தாரும் கூட்டமாகச் சேர்ந்து, திருத்தலங்களையும் பழைய நகரங்களையும் காணப் புறப்படுகின்றனர். இது நல்ல வழக்கம். தல யாத்திரை செய்த முன்னோரின் வழிவந்த நமக்குப் புதியதும் அன்று. எனினும் திரும்பி வந்தவரை நோக்கி, “என்ன கண்டீர்கள்?” என வினவினால், பெரும்பாலும் இடங்களின் பெயர்களே விடையாகக் கிடைக்கின்றன. ஒரே நாளில் ஏழிடம் பார்த்தோம் என்பது பெருமையாகச் சொல்லப்படுகின்றது. ஏழிடம் பார்த்தவர் ஓரிடத்தையேனும் அறிந்தாரா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

நேயர்களே, கூட்டமாகச் செல்லும் பயணத்தின் பயன் அதனை வழிநடத்துபவரைப் பொறுத்தது. இதனைப் பொதுப்படப் பேசுவதிலும், ஓரிடத்தை எடுத்துக்கொண்டு விளக்குதல் நன்று. பொலநறுவையை எடுத்துக்கொள்வோம். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லப்போகிறோம் என்று அறிவித்தால், “அங்கே நம் பிள்ளைகள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் விகாரைகள்தாமே?” என்று கேட்கும் பெற்றோர் சிலர் எந்தப் பாடசாலையிலும் உளர். அக்கேள்விக்கும் இன்று விடை காண முயல்வோம்.

பேருந்தில் ஏறுவதற்கு முன்னரே பயணம் தொடங்கிவிட வேண்டும். இரண்டு பாடவேளை போதும். சோழர் 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை அழித்துப் பொலநறுவையைத் தம் ஆட்சிக்குரிய நகராக்கினர். அதற்கு ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வென்று அந்நகரையே தன் தலைநகராகக் கொண்டான். முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரையும், நிசங்கமல்லன் 1187 முதல் 1196 வரையும் அங்கிருந்து ஆண்டனர். 1215இல் மாகன் படையெடுத்து வந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நகரம் கைவிடப்பட்டுக் காட்டுக்குள் மறைந்தது. 1982இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. இவ்வளவும் மாணவர் மனத்தில் பதிந்திருந்தால், அங்கே காணும் ஒவ்வொரு கல்லும் தனக்குரிய காலத்தில் சென்று நிற்கும். இவ்வடிப்படை இல்லாதவருக்கு எல்லாம் வெறும் இடிபாடே.

பத்துப் பேருக்கு ஒரு தலைவராகக் கூட்டத்தைப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் நகரத்துள் நுழைந்துவிடுதல் இன்றியமையாதது. புனித இடங்களில் காலணியைக் கழற்றியே செல்ல வேண்டும். நண்பகலிலோ கல்தளம் பாதத்தைச் சுட்டுவிடும். கால் சுடும்போது எவருக்கும் சிற்பத்தில் மனம் செல்லாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுத்தல் வழிபடுவோர் மனத்தைப் புண்படுத்தும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைப்போமாக.

முதலிற் காணவேண்டியது நூதனசாலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பின்னர் 1960இலும், இந்நகரத்துச் சிவாலயங்களை அண்டி அகழ்ந்தபோது நடராசர், உமையம்மை, நாயன்மார் முதலியோரின் வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளன. அவை இருந்த கோயில்களையும், அக்கோயில்களை அடுத்து நின்ற விகாரைகளையும் ஒரே நடையிற் காணும் வாய்ப்பைப் பொலநறுவை தருகின்றது.

அடுத்து, தளதாமலுவை என வழங்கும் உயர்ந்த மேடைக்குச் செல்வோம். அங்கே வட்டதாகையின் வாயிலில் உள்ள சந்திரவட்டக்கல்லைச் சுற்றி மாணவரை நிறுத்தி, அதிற் செதுக்கப்பட்ட விலங்குகளை எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகிய நான்கும் வருவதை அவர்கள் பாடநூலில் படித்திருப்பர். இங்கே எருது இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பர். சிவபெருமானின் ஊர்தியாகிய எருதினைக் காலால் மிதிக்கும் படியில் வைத்தல் தகாது என்ற எண்ணம் பரவியதே இதற்குக் காரணம் என அறிஞர் சிலர் கருதுவர். ஒரு விகாரையின் வாசற்படியில் மற்றொரு சமயத்தாரின் உணர்வுக்கு இடமளிக்கப்பட்டிருப்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. இல்லாததைத் தேடிக் கண்ட பிள்ளை அதனை மறப்பதில்லை.

அதே மேடையில், மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதாகத் தானே கூறும் கல்பொத்த சாசனம் உண்டு. ஏறத்தாழ 25 தொன் நிறையுடைய அக்கல்லில் நிசங்கமல்லன் தன் புகழைப் பொறித்துவைத்தான். பெரும்பாலோர் அதனைப் பார்த்து வியந்துவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஆனால் தமிழ் மாணவர் சற்று நின்று காணவேண்டிய கல் அடதாகையை அடுத்து இருக்கின்றது. அது வேளைக்காரர் சாசனம்; பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது; தமிழில் எழுதப்பட்டது.

வேளைக்காரர் என்போர் தென்னிந்தியாவிலிருந்து வந்து அரசனிடம் பணிபுரிந்த படையினர். விஜயபாகு சோழர்மீது படை அனுப்ப முனைந்தபோது அவர்கள் கலகம் செய்தனர் என்றும், அரசன் அதனைக் கடுமையாக அடக்கினான் என்றும் சூளவம்சம் கூறும். அவ்வரசன் இறந்தபின் நாட்டில் குழப்பம் மிகுந்தது. அப்போது முகலன் என்னும் பெருந்தேரர் அதே வேளைக்காரரை அழைத்து, புத்தரின் தந்தத்தாது இருந்த பள்ளியை அவர்களுடைய காவலில் ஒப்படைத்தார். அவர்களும் அதனைத் தங்கள் பெயராலேயே வழங்கி, பள்ளிக்குரிய ஊர்களையும் பொருளையும் பணியாளரையும் அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் தாங்கள் அழிய நேர்ந்தாலும் காப்பதாக உறுதி பூண்டனர். அந்த உறுதிமொழியே கல்லில் நிற்கின்றது. “நம் பிள்ளைகள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்ற கேள்விக்கு இதனினும் தெளிந்த விடை எங்கே கிடைக்கும்?

அக்காலத் தமிழெழுத்து இன்றைய எழுத்தினின்றும் ஓரளவு வேறுபட்டது; பழஞ்சாசனங்களில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. ஆயினும் சில எழுத்துக்களை உற்றுநோக்கி அடையாளங் காணலாம். கல்லைத் தொடாமல், விளிம்பில் ஏறாமல், கண்ணால் எழுத்தைத் தேடும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எண்ணூற்றிலும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட ஓர் எழுத்தைத் தானே வாசித்த மாணவன், வரலாறு என்பது தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று என்பதை உணர்வான்.

இங்கே வழிகாட்டுபவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. இனிய செய்தியை மாத்திரம் சொல்லிவிட்டுப் போதல் கூடாது. சோழர் அநுராதபுரத்தை அழித்ததும், மாகனுடைய படையினர் விகாரைகளைக் கொள்ளையிட்டதும் வரலாறே. அழித்தவரும் காத்தவரும் ஆகிய இருவரின் சுவடும் ஒரே நகரில் இருக்கின்றன. இரண்டையும் மறையாது சொல்லும் ஆசிரியரையே பிள்ளைகள் நம்புவர்.

அங்கிருந்து வடகிழக்கே, முழுதும் கல்லால் எழுந்து நிற்கும் இரண்டாம் சிவாலயத்தை அடைவோம். சோழ அரசி ஒருத்தியின் பெயரால் வானவன்மாதேவி ஈசுவரம் என வழங்கிய கோயில் அது. தமிழ்ச் சாசனங்களும் நந்தி உருவங்களும் அங்கே உள்ளன; வட்டதாகையின் படியில் காணாத எருதினை இங்கே உரிய இடத்திற் காணலாம்.

கடைசியாகக் கல்விகாரை. பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறைத் தொடரிற் செதுக்கப்பட்ட நான்கு உருவங்களுள், கிடந்த கோலத்தில் உள்ளது ஏறத்தாழ 46 அடி நீளமுடையது. தலையணை தலையின் பாரத்தால் சற்றே அமிழ்ந்திருப்பதையும், ஒரு பாதம் மற்றதிலும் சிறிது பின்வாங்கியிருப்பதையும் காட்டுங்கள். உறக்கம் அன்று, பரிநிருவாணம் என்பதைச் சிற்பி அவ்வாறு குறித்தான். அங்கே விளக்கவுரை வேண்டாம். ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாதிருந்தாற் போதும்.

அன்று வேறிடம் செல்லவேண்டியதில்லை. வீடு திரும்பியபின், ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒரு கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக. தன் கோயிலை மட்டும் தேடிச் செல்பவன் பாதி நாட்டையே காண்கின்றான். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரிலிருந்து பேருந்து புறப்படுமாயின், அதில் ஏறும் பிள்ளைகளிடம் வேளைக்காரர் கல்லைப் பற்றி இப்போதே சொல்லி வையுங்கள். அங்கே சென்றதும் அவர்களே அதனைத் தேடிக்கொள்வார்கள்.