பழைய டிராக்டரும் எண்ணெய் அழுத்தமும்

பாலக்காட்டின் கீழ்ப்புறமான சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே வயலில் உழுதும், தோட்டத்தில் கொழுந்து வண்டி இழுத்தும் ஓய்ந்துபோன பழைய டிராக்டரை மீண்டும் இயக்க விரும்புவோர் உளர். 1959-இல் பரீதாபாத்தில் வெளிவரத் தொடங்கிய ஐஷர், 1960-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபேயின் மாஸி பெர்குசன், 1971 முதல் பிஞ்சூரில் செய்யப்பட்ட எச்.எம்.டி. ஆகியவை அவ்வகையின. தில்லியிலோ மும்பையிலோ பணிபுரிந்து விடுமுறைக்கு ஊர் வருபவருக்கு நாட்கள் குறைவு, ஆவல் மிகுதி. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் எழாதபோதும் யந்திரத்தை ஓடவிட அவர் மனம் துணியும். அத்துணிவு கிராங்குத் தண்டையே அழித்துவிடக்கூடும்.

அழுத்தம் என்பது யாது? பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவே. தண்டிற்கும் பேரிங்கிற்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய இடைவெளி அவ்வோட்டத்தைத் தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. வாய்க்காலின் கரை உறுதியாயின் நீர் கடைமடை சேரும். கரை உடைந்தால் இடையிலேயே வடிந்துவிடும். பேரிங் தேய்ந்த யந்திரத்தின் நிலையும் அதுவே. அதன் கடைமடை, மேலேயுள்ள ராக்கர் தண்டு.

ஆயினும் முள் விழுந்தவுடன் பேரிங்கைப் பழித்தல் முறையன்று. வெளியிலிருந்து உள்நோக்கிச் சோதிப்பதே சிக்கனம். முதலாவதாக, பழைய கேஜைக் கழற்றி, பழுதற்ற வேறொன்றைப் பொருத்திப் பாருங்கள். மாஸி பெர்குசன் 35-இல் இருந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் யந்திரத்திற்கு, சூடேறியபின் முழுவேகத்தில், சதுர அங்குலத்திற்கு 30 முதல் 60 பவுண்டு வரை அழுத்தம் இருத்தல் வேண்டும். மெதுவாக ஓடுகையில் அது குறைவது இயல்பே.

இரண்டாவது, எண்ணெய். அளவுகோலில் மட்டம் தானாக உயர்ந்து, எண்ணெயில் டீசல் நாற்றம் வீசினால், எங்கோ டீசல் கசிந்து அதனை நீர்க்கச் செய்கிறது என்று அறிக. பருவநிலையையும் கருதுதல் வேண்டும். சனவரி விடியலில் மூணாற்றின் குளிர் உறைநிலையை நெருங்கும். அப்போது எண்ணெய் கெட்டிப்பட்டு, முள் மிக உயர்ந்து நிற்கும். பாலக்காட்டின் கோடை வெயில் 40 பாகையைத் தொடும்போது எண்ணெய் இளகி, முள் தாழும். ஆகவே சூடேறிய நிலையில் எடுத்த அளவையே நம்புக.

மூன்றாவது, பில்டரும் ரிலீப் வால்வும். மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் இவ்வால்வின் இருக்கையில் ஒரு துரும்பு சிக்கினாலும் எண்ணெய் வீணே திரும்பிவிடும். வில் தளர்ந்திருப்பின் புதிது இடுக.

நான்காவது, அடித்தொட்டி. ஆண்டுக்கணக்கில் நின்ற யந்திரத்தில் கசண்டு படிந்து, உறிஞ்சு குழாயின் சல்லடையை அடைத்திருக்கும். குழாயின் இணைப்பில் காற்றுப் புகுந்தாலும் பம்பு எண்ணெயை இழுக்காது. தொட்டியைக் கழற்றிக் கழுவாமல், கசண்டைக் கரைக்கும் இக்கால எண்ணெயை ஊற்றினால், பெயர்ந்த அழுக்கு சல்லடையையே சென்று அடைக்கலாம். பம்பை எண்ணெயால் நிரப்பிப் பொருத்துங்கள். டீசலை நிறுத்திவைத்து, முள் அசையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றியபின்னரே யந்திரத்தை இயக்குங்கள்.

இவையனைத்தும் செம்மையாயிருந்தும் அழுத்தம் குறைந்தால், பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டியதே. தண்டை மைக்ராமீட்டரால் அளந்து, வேண்டுமாயின் கடைந்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவதே முறையான பரிகாரம்.

இதற்குப் பதிலாகச் சிலர் மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவர். வேறு சிலர் வால்வின் வில்லுக்கு அடியில் வாஷர் வைப்பர். முன்னதில் முள் உயரும். ஆனால் எண்ணெய் பாய்வது குறையும். பின்னது தேய்மானத்தைச் சிறிதும் ஈடுசெய்யாது. குளிர்ந்த காலையில் அழுத்தத்தை அளவின்றிப் பெருக்கிப் பாக்கிங்குகளைக் கசியச் செய்யும். காய்ச்சலுக்கு மருந்து தராமல் வெப்பமானியைத் திருத்துவது போன்றது இது.

ஆதலின், விடுமுறை முடிவதற்குள் பணி முடியாவிடினும் கவலையில்லை. டிராக்டர் அடுத்த விடுமுறை வரை காத்திருக்கும். எண்ணெயின்றி ஓடித் தீய்ந்த தண்டோ, பழையபடி மீளாது.