கடல் பசுவுக்காக வலையை அறுக்கும் மீனவர்கள்!

விடியற்காலை நேரம். கிழக்கு இப்போதுதான் வெளுக்கிறது. கரையில் இருந்து சற்றுத் தூரத்தில் ஒரு நாட்டுப் படகு நிற்கிறது. அதில் உள்ளவர்கள் இரவு விட்ட வலையை இழுக்கிறார்கள். வலை கனக்கிறது. மீன்பாடு நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கு மகிழ்ச்சி.

ஆனால் மேலே வந்தது மீன் அல்ல! சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உடல். பத்து அடி நீளம். மூச்சு விட முடியாமல் திணறுகிறது. வலைக்கயிறு அதன் உடம்பைச் சுற்றி இறுக்கி இருக்கிறது.

அதுதான் கடல் பசு!

வலையை அறுத்தால் அது பிழைக்கும். ஆனால் வலை போய்விடும். வலை என்றால் சும்மாவா? அது மீனவனின் ஏர். அவன் குடும்பத்தின் அரிசிப் பானை. அறுக்காவிட்டால், சிறிது நேரத்தில் கடல் பசு செத்துப் போகும்.

என்ன செய்வது?

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கடற்கரையில் இந்தக் கேள்விக்குப் பல மீனவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். கத்தியை எடுத்தார்கள். வலையை அறுத்தார்கள். கடல் பசுவை விடுவித்தார்கள்!

புதுக்கோட்டையில் கடலா?

புதுக்கோட்டை என்றால் ஏரியும் கண்மாயும் வறண்ட நிலமும்தான் பலருக்கு நினைவு வரும். அந்த மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கரை நெடுக ஊர்கள் இருக்கின்றன.

மணமேல்குடி பழைய ஊர். பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. ஊருக்குக் கிழக்கே நிலம் மூக்குப்போல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அந்த இடத்துக்குக் கோடியக்கரை என்று பெயர். வேதாரணியத்துக் கோடியக்கரை வேறு, இது வேறு.

இங்கே உள்ள கடலுக்குப் பாக் விரிகுடா என்று பெயர். எதிர்க்கரை இலங்கை. நடுவில் உள்ள கடல் அதிக ஆழம் இல்லாதது. பெரும்பாலான இடங்களில் ஆழம் 40 அடிகூட இராது. அலையும் குறைவு. அதனால் வெயில் அடிமண் வரை இறங்குகிறது.

வெயில் இறங்கும் இடத்தில் என்ன முளைக்கும்? புல் முளைக்கும்!

கடலுக்கு அடியில் புல்வெளி

கடலுக்கு அடியில் புல்வெளி இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? இருக்கிறது. அதற்குக் கடற்புல் என்று பெயர். கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு வேர் உண்டு. இலை உண்டு. தண்ணீருக்கு உள்ளேயே அது பூக்கிறது, காய்க்கிறது!

இந்தப் புல்வெளி கடலின் தொட்டில். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் இதில்தான் ஒளிந்து வளர்கின்றன. வேர்கள் மணலைப் பிடித்து வைக்கின்றன. புல் அழிந்தால் குஞ்சுகளுக்கு இடம் இல்லை. குஞ்சு இல்லாவிட்டால் நாளை வலையில் மீன் ஏது?

இந்தப் புல்லை மேய்வதுதான் கடல் பசு. பெரிய கடல் பசு ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல்லைத் தின்றுவிடும். மேலாகக் கடிக்காது. வேரோடு பிடுங்கித் தின்னும். அது மேய்ந்து சென்ற இடத்தில் மணலில் ஒரு தடம் விழும். பார்த்தால், வயலில் ஏர் ஓட்டிய சால்போல் இருக்கும்!

மூச்சை முதுகில் சுமப்பவர்கள்

அந்தத் தடத்தைக் கரையில் இருந்து பார்க்க முடியாது. தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அதற்காகவே பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் இருக்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கடலில் இறங்கிப் புல்லை அளக்கிறார்கள். தஞ்சை மாவட்டம் வெளிவயலில் உள்ள ஓம்கார் என்ற தொண்டு நிறுவனத்தாரும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறார்கள்.

இவர்கள் பயன்படுத்தும் கருவிக்கு ஸ்கூபா என்று பெயர். பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும், காக்னான் என்ற பொறியாளரும் 1943-ல் இதற்கு வழி செய்தார்கள். முதுகில் ஒரு உருளை. அதற்குள் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். வாயில் ஒரு குழாய். மூச்சை இழுத்தால் காற்று வரும். உருளைக்குள் இருப்பது பிராணவாயு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான்!

பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் ஆபத்து உண்டு. 33 அடி ஆழத்தில் உடம்பின் மீது அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடும். அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே உள்ள காற்று பலூன்போல் விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். ஆகையால் மூச்சை அடக்கவே கூடாது. அவசரப்பட்டு மேலே வரவும் கூடாது.

கையே பேச்சு

முக்குளிப்பவர்களுக்கு ஒரு முதல் சட்டம் உண்டு. யாரும் தனியாக இறங்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கருவியை மற்றவர் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவர் தம் உருளையில் இருந்து கொடுக்க வேண்டும். ஒருவர் உயிர் மற்றவர் கையில்!

தண்ணீருக்குள் பேச முடியாது. ஆகவே கை பேசுகிறது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால், "நலமாக இருக்கிறேன்" என்று பொருள். கட்டை விரலை மேலே காட்டினால், "சபாஷ்" என்று பொருள் அல்ல. "மேலே போவோம்" என்று பொருள்! புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்.

1953-ல் இங்கிலாந்தில் முக்குளிப்பவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று உலகம் எங்கும் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. கூடுவார்கள், பழகுவார்கள், கடலுக்குள் இறங்கிப் பவளத்தையும் மீனையும் பார்த்து வருவார்கள். பலருக்கு அது பொழுதுபோக்கு.

மணமேல்குடிக் கரையில் உள்ள கூட்டு வேறு விதம். தண்ணீருக்குள் இறங்குபவர் ஒருவர். படகு ஓட்டுபவர் ஒருவர். எந்த இடத்தில் புல் அடர்ந்து இருக்கிறது, எந்த மாதத்தில் தண்ணீர் தெளியும் என்று சொல்பவர் இன்னொருவர். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடல் கலங்கிவிடும். அப்போது இறங்கினால் நீட்டிய கைகூடத் தெரியாது. இது மீனவருக்குத் தெரியும். ஆராய்ச்சியாளருக்கு அவர்தான் ஆசிரியர்!

யானைக்கு உறவு

கடல் பசு மீன் இனம் அல்ல. அது பாலூட்டி. குட்டி போடும், பால் கொடுக்கும். தரையில் வாழும் விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு யானை என்றால் வியப்பாக இல்லையா? ஆண் கடல் பசுவுக்குச் சிறிய தந்தம்கூட உண்டு. 70 ஆண்டு வரை உயிர் வாழும்.

இந்தக் கரையில் இதை ஆவுளியா என்றும் சொல்வார்கள். பழைய காலத்து மாலுமிகள் தூரத்தில் இதைக் கண்டு, பாதி பெண், பாதி மீன் என்று கதை கட்டினார்கள் என்றும் சொல்வது உண்டு.

இதற்கும் முக்குளிப்பவருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பேராலும் தண்ணீரில் இருந்து மூச்சு எடுக்க முடியாது. கடல் பசு சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துவிடும். முக்குளிப்பவருக்குக் காற்றுக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு துணை இருக்கிறது. கடல் பசுவுக்கு யார் துணை?

மீனவர்தான் துணை!

ஒன்று செத்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. பெண் கடல் பசு ஏறக்குறைய 10 வயதுக்குமேல்தான் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. வயிற்றில் சுமப்பது 13, 14 மாதம். குட்டி ஒன்றரை ஆண்டு வரை தாயிடம் பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். இந்தியக் கடல்களில் எல்லாம் சேர்த்து 250-க்கும் குறைவான கடல் பசுக்களே இருக்கின்றன என்பது அரசின் மதிப்பீடு. அவற்றில் பெரும் பகுதி தமிழ்நாட்டுக் கடலில்தான் இருக்கிறது.

27 ஆண்டில் அழிந்த இனம்

இதற்கு ஒரு பெரிய உறவு இனம் இருந்தது. வட கடலில் ரஷ்யாவுக்கு அப்பால் உள்ள தீவுகளின் ஓரம் அது வாழ்ந்தது. 25 அடிக்கும் மேல் நீளம். 1741-ல் ஸ்டெல்லர் என்ற அறிஞர் அதை முதலில் கண்டு எழுதினார். சாதுவான விலங்கு. ஓடத் தெரியாது. கப்பல்காரர்கள் இறைச்சிக்காகக் கொன்று குவித்தார்கள். 1768-ல் ஒன்றுகூட இல்லை! கண்டுபிடித்த 27 ஆண்டுகளில் அந்த இனமே அற்றுப் போயிற்று.

அது பழங்கதை என்று தள்ள முடியாது. சீனக் கடற்கரையில் கடல் பசு அநேகமாக அழிந்துவிட்டது என்று 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள்.

அன்று உணவு, இன்று உறவு

பாக் விரிகுடாவிலும் ஒரு காலத்தில் கடல் பசுவை வேட்டையாடினார்கள். இறைச்சியை விற்றார்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கும் யானைக்கும் கொடுத்த உயர்ந்த பாதுகாப்பைக் கடல் பசுவுக்கும் கொடுத்தது. இன்று அதைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை.

ஆனால் நடுக்கடலில் போலீஸ்காரர் நிற்பதில்லை. அங்கே இருப்பது மீனவரும் அவர் மனசாட்சியும்தான். இதை அதிகாரிகளும் உணர்ந்தார்கள். 2016-ல் கடல் பசுவைக் காக்கும் திட்டம் தொடங்கியது. இந்திய வன உயிரின நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஊராகச் சென்று மீனவர்களிடம் பேசின. விருப்பம் உள்ளவர்களைத் தொண்டர்களாகச் சேர்த்தன. கடல் பசுவைக் கண்டால் தகவல் சொல்வார்கள். வலையில் சிக்கினால் விடுவித்து, கைபேசியில் படம் எடுத்து அனுப்புவார்கள். விடுவித்தவர்களுக்குப் பாராட்டும் பரிசுத் தொகையும் கிடைக்கின்றன. மீனவர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் வழங்கினார்கள்.

பரிசு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வலையை அறுக்க முடியுமா? வலை போன அன்று அடுப்பு எரிய வேண்டும். புது வலை கட்டும் வரை தொழில் இல்லை. அதைத் தாங்கிக்கொண்டுதான் கத்தியை எடுக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விசைப்படகின் இழுவலை அடிமண்ணை வாரிக்கொண்டு போகும். புல்லும் வேரோடு போய்விடும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது 1983-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை மதித்தால் புல்லும் பிழைக்கும். நாட்டுப் படகுக்காரரும் பிழைப்பார்.

மூங்கிலும் தென்னங்கயிறும்

அழிந்த இடத்தில் மீண்டும் புல் நட முடியுமா? முடியும்! ஓம்கார் நிறுவனத்தார் செய்து காட்டினார்கள். மூங்கிலைச் சதுரமாகக் கட்டுகிறார்கள். குறுக்கே தென்னங்கயிறு. கயிற்றில் கடற்புல் நாற்றைச் செருகுகிறார்கள். முக்குளிப்பவர்கள் அந்தச் சட்டத்தை அடிமண்ணில் பதிக்கிறார்கள். புல் வேர் விடுகிறது. மூங்கிலும் கயிறும் நாளடைவில் மக்கி மண்ணோடு கலந்துவிடுகின்றன. நாற்று நடும் தஞ்சைத் தரணியில், கடலிலும் நாற்று நடுகிறார்கள்!

நாட்டிலேயே முதல் காப்பகம்

2022 செப்டம்பரில் தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பு, கடல் பசுக் காப்பகம் ஆயிற்று. இந்தியாவில் கடல் பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் இதுதான். அதிராம்பட்டினத்தில் இருந்து அம்மாபட்டினம் வரை அது பரந்திருக்கிறது. மணமேல்குடிக் கடலும் அதில் அடங்கும்.

காப்பகம் என்றால் மீன் பிடிக்கத் தடை வருமோ என்று அச்சம் எழுவது இயல்பு. மீனவர்களுக்குப் புதிய தடை எதுவும் இல்லை என்று அரசு தெளிவாகச் சொன்னது. 2025-ல் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடும் இந்தக் காப்பகத்தைப் பாராட்டி ஏற்றுக்கொண்டது.

உலகம் பாராட்டுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பாராட்டின் வேர் எங்கே இருக்கிறது? விடியற்காலையில், யாரும் பார்க்காத இடத்தில், வலையை அறுக்கும் கையில் இருக்கிறது.

கயிறு அறுகிறது. கடல் பசு தலையை மேலே தூக்குகிறது. "புஸ்" என்று ஒரு மூச்சு! பிறகு தண்ணீருக்குள் மறைகிறது. மீனவர்கள் மிச்ச வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறார்கள்.

அவர்களுக்கு அன்றைய மீன்பாடு குறைவு. ஆனால் அவர்கள் பேரப் பிள்ளைகளின் கடலில் ஓர் உயிர் கூடுதல்!