நிலம் நகர்ந்தால் தெரியுமா?

வீட்டுச் சுவரில் விரிசல் விழுகிறது. என்ன செய்வோம்? சிமெண்டு குழைத்துப் பூசுவோம். கொத்தனாரைத் திட்டுவோம். ஆனால், தெருவில் உள்ள எல்லா வீடுகளிலும் விரிசல் விழுந்தால்? அது கொத்தனார் செய்த தப்பு அல்ல. கீழே இருக்கும் நிலமே நகர்கிறது.

உத்தராகண்ட் மாநிலத்தில், இமயமலைச் சரிவில், ஜோஷிமட் என்ற ஊர் இருக்கிறது. பத்ரிநாத் கோயிலுக்குப் போகிறவர்கள் தங்கிப் போகும் ஊர். 2023 ஜனவரித் தொடக்கத்தில் அங்கே வீடு வீடாக விரிசல் விட்டது. எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். கடுங்குளிரில் பல குடும்பங்கள் வீட்டை விட்டு முகாமுக்குப் போயின. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஓட்டல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. அவற்றை இடிக்க வேண்டியதாயிற்று.

நிலம் எவ்வளவு இறங்கியது? ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் கணக்குச் சொன்னது. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். பிறகு டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை, 12 நாட்களில் மட்டும் 5.4 சென்டிமீட்டர். அதாவது மூன்று விரல் அகலம்.

இதை அளந்தது செயற்கைக்கோள். நில அசைவை அளக்க உதவும் சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அவ்வளவு உயரத்தில் இருந்து மூன்று விரல் அகலம் எப்படித் தெரியும்?

அதில் ராடார் கருவி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அலைகளை நிலத்துக்கு அனுப்புகிறது. அலை நிலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. இரவானாலும் சரி, மேகம் மூடினாலும் சரி, வேலை நிற்காது.

உங்கள் வீட்டு வாசலில் இருந்து கிணறு வரை முழம் போட்டுப் பாருங்கள். பல முழம் போன பிறகு, கடைசியில் நாலு விரல் மிஞ்சுகிறது. சில நாள் கழித்து மறுபடி முழம் போடுகிறீர்கள். இப்போது ஆறு விரல் மிஞ்சுகிறது. தூரம் இரண்டு விரல் கூடிவிட்டது என்று தெரிந்துவிடும். எத்தனை முழம் என்பது மறந்து போனாலும் கவலை இல்லை. மிச்சம் போதும்.

ராடாரும் இப்படித்தான் அளக்கிறது. சென்டினல் அலையின் ஒரு ‘முழம்’ 5.6 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறை வரும்போதும் அது மிச்சத்தைக் குறித்து வைக்கிறது. இரண்டு நாள் குறிப்புகளையும் கழித்துப் பார்த்தால் நிலத்தின் அசைவு தெரியும். நிலம் ஒரு சென்டிமீட்டர் விலகினால், அலை போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு முழமும் இரண்டு விரலும் கூடியிருந்தால்? மிச்சத்தில் இரண்டு விரல்தானே தெரியும்! அதனால் ஓர் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. அசையாத இடத்தில் தொடங்கி, பக்கத்து இடம், அதற்கும் பக்கத்து இடம் என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போகிறார்கள்.

பாறையும் கட்டடமும் இந்த வேலைக்கு நல்லவை. காடும் வயலும் தொல்லை. இலை அசையும், பயிர் வளரும். முன்பு எடுத்த குறிப்போடு பொருந்தாது. காற்றில் ஈரம் கூடினாலும் கணக்குப் பிசகும். அதனால்தான் பல மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2025 ஜூலை 30-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நிசார் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. அதன் அலைகளில் ஒன்றின் ‘முழம்’ சுமார் 24 சென்டிமீட்டர். இந்த நீள அலை இலைகளுக்குள் ஓரளவு புகுந்து நிலத்தைத் தொடும். மரம் அடர்ந்த மலைச் சரிவுகளுக்கு இது உதவும்.

எங்கே, எவ்வளவு என்று செயற்கைக்கோள் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு மலையில் ஏறி மண்ணைப் பார்க்க வேண்டும். ஜோஷிமட்டில் அப்படிப் பார்த்தவர்கள் உண்டு. 1976-இலேயே மிஸ்ரா குழு என்ற அரசுக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. பழைய மலைச்சரிவில் விழுந்த மண்ணும் கல்லும் குவிந்த இடத்தில்தான் இந்த ஊர் நிற்கிறது என்றது. பெரிய பாறைகளைத் தோண்டாதீர்கள், கனமான கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வையுங்கள், மரம் நடுங்கள், தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் கட்டுங்கள் என்றது.

அதற்குப் பிறகுதான் ஊரில் மாடிக் கட்டடங்கள் பெருகின.