அழிக்க இயலாத கோடுகள்



ஆகஸ்ட் 29ஆம் நாள் திருமுழுக்கு யோவானின் பாடுகளைத் திருச்சபை நினைவுகூர்கிறது. ஏரோதின் விருந்தில் நடனமாடிய சிறுமியின் பெயரை நற்செய்தி (மாற்கு 6:14-29) சொல்லவில்லை. ஏரோதியாவின் மகள் பெயர் சலோமி என்பதை யூத வரலாற்று ஆசிரியர் யோசேபுஸ் வழியாக அறிகிறோம். நற்செய்தியில் அவள் தாயின் சொல்லைக் கேட்டு யோவானின் தலையைக் கேட்டவள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் குறியீட்டுக் கலைஞர்களும், 'டெக்கடன்ட்' எனப்பட்டவர்களும் அவளை அடங்காத ஆசையின் உருவமாக மாற்றினார்கள். பிரான்சில் குஸ்தாவ் மொரோ 1876இல் அவளை வரைந்தார். ஆஸ்கர் வைல்டின் 'சலோமி' நாடகத்தின் 1894ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்புக்கு ஆப்ரி பியர்ட்ஸ்லி என்னும் இளைஞர் படங்கள் வரைந்தார்.

உடலைக் கண்டபடியே வரைவது இவர்களது நோக்கமல்ல. உள்ளத்தில் இருப்பதை உடலின் வளைவிலும் நீட்சியிலும் காட்டினார்கள். பியர்ட்ஸ்லிக்கு வெள்ளைத் தாளும் கறுப்பு மையும் போதும். ஒரு படத்தில் சலோமி தரையில் கால் பாவாமல் மிதக்கிறாள். கூந்தல் பாம்பாய் நெளிகிறது. கையில் யோவானின் தலை. அதிலிருந்து வழியும் குருதி விழும் இடத்தில் ஒரு லீலி மலர் எழுகிறது. ஆசை வென்றதாகத் தோன்றும் இடத்திலும் தூய்மை அழியவில்லை என்று அதை நாம் வாசிக்கலாம்.

சிறுவயதிலிருந்தே காசநோயால் துன்புற்ற பியர்ட்ஸ்லி, 1897 மார்ச்சில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1898 மார்ச்சில், மரணப்படுக்கையில், தாம் வரைந்த ஆபாசப் படங்களை அழித்துவிடும்படி தம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பதிப்பாளர் அழிக்கவில்லை. சில நாள்களில், மார்ச் 16 அன்று, 25 வயதில் அவர் இறந்தார். அப்படங்கள் இன்றும் அச்சில் உள்ளன.

அப்படியானால் அவரது மனமாற்றம் வீணா? இல்லை. ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தை மன்னிக்கிறது. பாவம் விளைவித்த சீர்கேட்டை முழுவதும் நீக்கிவிடுவதில்லை. ஆகவேதான் இயன்றவரை ஈடுசெய்யும்படி திருச்சபை கேட்கிறது. கடிதம் எழுதுவது மட்டுமே அவருக்கு இயன்றது; அதைச் செய்தார். மீதியை இறைவனின் இரக்கத்திடம் விட்டார்.

நாமும் சொன்ன சொல்லை, பரப்பிய வதந்தியை, கைபேசியில் அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவரிடம் சென்று உண்மையைச் சொல்ல முடியும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இயன்றதை இன்றே செய்வோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக.